முகத்தில் எழுதியிருக்கவில்லை

1983 ஜூலையில் கொழும்பில் வீடு வீடாகப் போன கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எது தமிழர் வீடு, எது சிங்களவர் வீடு என்று பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். தெருவில் அகப்பட்டவர்களைச் சிங்களத்தில் நாலு சொல் சொல்லச் சொல்லி நாக்கைச் சோதித்தார்கள். தமிழர் என்று நினைத்துச் சிங்களவர் சிலருக்கும் அடி விழுந்தது. இனவெறி மனிதனோடு கூடப் பிறந்தது, வேற்றினத்தானைக் கண்டால் உடம்பு தானாகவே சிலிர்க்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பட்டியல்தான் ஞாபகத்துக்கு வரும். உடம்புக்கே தெரியுமென்றால் பட்டியல் எதற்கு?

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவன். கூர்ப்புப் பாடம் எனக்குப் பிடித்த பாடம். இயற்கைத் தேர்வு, பொது மூதாதை என்று கரும்பலகையில் எழுதியபடியே வெளியில் நடப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியில் நடந்தது கொஞ்சமல்ல. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். பாடம் இடையிடையே வரும்.

முதலில் அடுப்படி. வண்ணார்பண்ணையில் எங்கள் வளவில் பனைமரங்கள் நின்றன. ஓலை வெட்டவும் கள்ளிறக்கவும் ஒருவர் வருவார். என் தாத்தாவிலும் மூத்தவராக இருந்திருப்பார். அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'வா', 'போ' என்றுதான் பேச வேண்டும். அப்படிப் பேசச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. வீட்டில் எல்லோரும் அப்படிப் பேசினார்கள், நானும் பேசினேன். ஒருநாள் வெயிலுக்குள் மரத்தால் இறங்கி வந்தவர் தண்ணீர் கேட்டார். கையில் அகப்பட்ட மூக்குப்பேணியில் மொண்டு கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. ஆச்சி இருக்கும் பக்கம் பார்த்துவிட்டுக் கைகளைக் குவித்து நீட்டினார். ஆச்சி வந்து என் கையிலிருந்த பேணியை வாங்கி வைத்துவிட்டு, வேலியோரம் கிடந்த சிரட்டையை எடுத்துக் கழுவி அவர் கையில் கொடுத்து, உயரத்தில் பிடித்துத் தண்ணீர் வார்த்தா. அவர் போனபிறகு பேணியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்தா. அவர் தொடக்கூட இல்லாத பேணி அது. போதாததற்கு, வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென்றே மூக்கு வைத்துச் செய்தது. ஆச்சி என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்த அந்தப் பேணியே போதுமாக இருந்தது. எனக்கு அப்போது ஆறு வயதிருக்கும்.

அவருக்கும் எங்களுக்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை. மொழி ஒன்று, கும்பிட்ட முருகனும் ஒன்று. வெளியூரிலிருந்து வருகிற ஒருவரால் எங்கள் இருவரையும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தனித் தகரக்குவளையும் போத்தலும் வைத்திருந்த காலம் அது. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் குவளைகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. 1966 ஒக்டோபரில் இதை எதிர்த்துச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனவர்கள் பொலிஸின் அடி வாங்கினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்ததைப் பார்க்க நானும் சைக்கிளில் போயிருந்தேன். உள்ளே விடு என்று ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். விடமாட்டோம் என்று நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் படித்தவர், கணிதப் பேராசிரியராக இருந்தவர், பின்னர் மந்திரியாகவும் இருந்தவர். படிப்பு வந்தால் இதெல்லாம் போய்விடும் என்று சொல்பவர்களை நான் அன்றோடு நம்புவதை விட்டுவிட்டேன்.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். கடைகளின் முன்னால் ஆட்கள் தொடர்ந்து போய் நின்றார்கள். அடிபட்டும் நின்றார்கள், உயிரும் போயிற்று. சில வருடங்களுக்குள் பெரும்பாலான கடைகளில் தனிக்குவளை இல்லாமல் போய்விட்டது. நூற்றாண்டுக்கணக்காக ரத்தத்தில் ஊறியது என்று சொல்லப்பட்ட ஒன்று ஒரு தலைமுறையில் கடை வாசலைவிட்டுப் போனது. அடுப்படியைவிட்டுப் போக இன்னும் நாளெடுத்தது. முழுக்கப் போய்விட்டது என்று இன்றைக்கும் சொல்ல வாய் வரவில்லை.

இனி பாண். யாழ்ப்பாண நகரில் அந்தக் காலத்தில் சிங்களவரின் பேக்கரிகள் இருந்தன. எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு பேக்கரி. அங்கு பாண் போட்டவர் உடைந்த தமிழில் என்னை 'தம்பி ஐயா' என்பார். சூடான பாணின் கரைத்துண்டைப் பிய்த்துத் தருவார். 1958இல் இனக்கலவரத்துக்குத் தப்பித் தெற்கிலிருந்து அகதிகள் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். எங்கள் உறவில் ஒரு குடும்பம் தலையில் கட்டோடு வந்து எங்கள் விறாந்தையில் படுத்திருந்தது. சிங்களவன் அடித்தான் என்று பெரியவர்கள் பேசினார்கள். சிங்களவன் என்றால் யாரென்று எனக்கு விளங்கவில்லை. பாண்காரரும் சிங்களவர்தான் என்று என் மாமா சொன்ன பிறகுதான் அவரைப் பார்க்க எனக்குப் பயம் பிடித்தது. அதற்கு முதல்நாள் வரை அதே முகம், அதே மாப்படிந்த கைகள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு அந்தப் பேக்கரிகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. 1981இல் பொலிஸ்காரர்கள் பொது நூலகத்தை எரித்து 97,000 புத்தகங்கள் சாம்பலானதையும் பார்த்த ஊர் இது. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்; நான் அதற்குள் போகவில்லை.

அதிகம் எழுதப்படாமல் கிடப்பது 1990இல் முஸ்லிம்களுக்கு நடந்தது. எழுதியவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள்தான். நாங்கள் எழுதியது குறைவு.

அந்த ஆண்டு ஜூனில் இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் மறுபடி சண்டை தொடங்கியதோடு மின்சாரம் போனது. ஜாம்போத்தலில் திரி போட்டு விளக்குக் கொளுத்தினோம். செப்டெம்பர் கடைசியில் இராணுவம் கோட்டையைவிட்டுப் போனது, ஊர் புலிகளின் கையில் இருந்தது. கிழக்கிலிருந்து கொடுமையான செய்திகள் வந்தபடி இருந்தன. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் புகுந்த தமிழர்களை முஸ்லிம் ஊர்காவல் படையினர் கொன்றார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்களோடு சண்டை இல்லை. சோனகத் தெருவில் இரும்புக்கடை, லொறி, தையல் என்று அவர்கள் தொழில் செய்தார்கள். நாங்கள் அங்கே போய்ச் சாமான் வாங்கினோம், உடுப்புத் தைத்தோம். பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து போகும். அதற்கு மேல் பெரிய சொந்தம் கொண்டாடினோம் என்று இப்போது சொன்னால் பொய். பகை இருக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை காலை. என் மகனுக்குப் பள்ளிக்கூடக் காற்சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன். எடுக்கப் போனபோது தெருவால் ஒலிபெருக்கி கட்டிய புலிகளின் வாகனம் போனது. முஸ்லிம்கள் எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள். தையற்கடை நானா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்னண்டு தெரியுமோ மாஸ்டர்?"

"தெரியாது நானா. ஏதும் கூப்பன் விசயமாயிருக்கும்."

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்."

கடையைப் பூட்டாமலே போனார். மெஷினில் துணி அப்படியே கிடந்தது. நான் பக்கத்துக் கடைக்காரரோடு பேசிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அவர் நடந்து வரவில்லை, ஓடி வந்தார். இரண்டு மணித்தியாலம் தந்திருக்கிறார்களாம், அதற்குள் ஊரைவிட்டுப் போக வேண்டுமாம். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லையாம். தெரு முழுக்கப் பெண்கள் ஓடினார்கள். ஒரு கிழவி கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றா. நானா உள்ளே போய் மனைவியோடு ஏதோ சத்தமாகப் பேசிவிட்டு வெளியில் வந்து, மேசையிலிருந்த துணியை மடித்து என்னிடம் தந்தார். வெட்டியிருந்தது, தைக்கவில்லை. வெள்ளைச் சுண்ணக்கட்டிக் கோடுகள் நீலத்துணியில் தெரிந்தன.

"வெட்டினது வெட்டினபடி கிடக்கு மாஸ்டர். வேற ஆரிட்டையும் குடுத்துத் தையுங்கோ. இடுப்பு இரண்டு இஞ்சி கூட விட்டிருக்கிறன், பெடியன் வளருவான்."

என் சட்டைப் பையிலிருந்த காசை நீட்டினேன். 150 ரூபாய்க்கு மேல் கொண்டுபோக விடமாட்டார்களாம் என்று வாங்க மறுத்துவிட்டார்.

சந்தியில் சோதனை நடந்தது. பெண்களின் காதிலிருந்ததையும் கழுத்திலிருந்ததையும் கழற்றி வாங்கினார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் அழுதார்கள். பாணும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆண்களில் பலர் படலைக்குள்ளேயே நின்றோம். துவக்கோடு நின்ற பெடியன்களில் ஒருவன் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவன். கிட்டப் போனேன். "சேர், மேலிடத்து உத்தரவு. தள்ளி நில்லுங்கோ" என்றான். அவன் முகத்தை நான் கவனித்துப் பார்த்தேன். வெறுப்பு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. சொன்ன வேலையை நேரத்துக்குள் முடிக்க நிற்கிற ஒருவனின் முகம். அது எனக்கு வெறுப்பைவிடப் பயமாக இருந்தது.

அன்றைக்கு முன்னும் பின்னுமாக வடக்கு மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். சாவகச்சேரியில் அந்த மாத நடுப்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. மன்னாரில் கடைசி வாரம். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதை நியாயப்படுத்த முடியாத அரசியல் தவறு என்ற பொருளில் பேசினார். பேச்சு நல்லது. பன்னிரண்டு வருடம் பிந்தியது.

எனக்கு முக்கியமாகப் படுவது வெளியேற்றத்துக்குப் பிறகு ஊரில் நடந்தது. அந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் எங்கள் தெருவில் யாரும் முஸ்லிம்களைத் துரத்த வேண்டும் என்று கேட்டதில்லை. கும்பல் கூடியதில்லை, கல் விழுந்ததில்லை. உத்தரவு வந்தது, ஆட்கள் போனார்கள், காரணங்கள் அதற்குப் பிறகுதான் முளைத்தன. அடுத்த கிழமை பால் வாங்குமிடத்தில் ஒருவர், "அவங்கள் எப்பவும் வேற ஆக்கள்தானே" என்றார். இன்னும் சில கிழமை கழிய, காட்டிக்கொடுத்தவர்கள் என்ற பேச்சு வந்தது. அடுத்த வருடம் என் வகுப்பிலேயே ஒரு மாணவன் அதைச் சரித்திரம் போலச் சொன்னான். முஸ்லிம் ஒருவரையும் அறியாத பிள்ளை அவன். இடம்பெயர்ந்து வேறு ஊரிலிருந்து வந்தவன். விட்டுப்போன கதவு நிலைகளையும் ஓடுகளையும் விலைக்கு வாங்கியவர்களுக்கு அந்தக் காரணம் மிகவும் தேவையாக இருந்தது. வெறுப்பு வந்து ஆட்களைத் துரத்தியது என்று படித்திருக்கிறேன். நான் கண்டது அதற்கு மறுதலை: துரத்தி முடிந்த பிறகு வெறுப்பு வந்து காலியான வீட்டில் குடியேறியது.

போர்நிறுத்தம் வந்த சமாதான காலத்தில் பாதை திறந்து வெளிநாட்டுச் சஞ்சிகைகள் வரத் தொடங்கின. வகுப்பில் ஒருநாள் தன்சானியாவின் கொம்பே காட்டுச் சிம்பன்சிகளைப் பற்றிச் சொன்னேன். ஜேன் குடோல் எழுதியிருக்கிறார்: ஒரே கூட்டமாக இருந்தவை இரண்டாகப் பிரிந்தன, 1974 தொடங்கி நாலு வருடத்தில் ஒரு பகுதி மற்றப் பகுதியின் வளர்ந்த ஆண்களை ஒவ்வொன்றாக வேட்டையாடி முடித்தது. ஒன்றுக்கொன்று பேன் பார்த்தவைதான் கொன்றன. பின் வாங்கிலிருந்த பிள்ளை எழும்பி, "சேர், அப்ப இது எங்களுக்குப் பிறப்பிலையே இருக்குதோ?" என்று கேட்டாள். அவளுடைய தமையன் செம்மணிப் பக்கம் காணாமல் போனவன். அவளுக்கு நான் பாடப்புத்தகப் பதில் சொல்ல முடியாது.

ஒரு பங்கு இருக்கிறது என்றேன். எங்கள் ஆள், மற்ற ஆள் என்று சட்டென்று பிரிக்கிற சுபாவம் கூர்ப்பில் வந்ததாக இருக்கலாம். சின்னக் கூட்டங்களாக வாழ்ந்த விலங்குக்கு அது உதவியிருக்கும். ஆனால் மற்ற ஆள் யார் என்பது பிறப்பில் வருவதில்லை. அதை ஒவ்வொரு முறையும் யாராவது காட்டித் தர வேண்டும்.

பின்னால் வாசித்த ஆய்வுகள் அந்தப் பதிலைக் கெடுக்கவில்லை. பிறந்த குழந்தைகள் தம் இனத்து முகத்தை விரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று மாதத்தில் பார்க்கத் தொடங்குகின்றன என்று 2005இல் கண்டார்கள். அடுத்த வருடம் இஸ்ரேலில் ஒரு சோதனை. எத்தியோப்பியாவிலிருந்து வந்த குடும்பங்களில், இரண்டு நிறத்தாரையும் கண்டு வளர்ந்த குழந்தைகளிடம் அந்த விருப்பம் இல்லை. தொட்டிலுக்குமேல் குனிந்து பார்க்கும் முகங்கள்தான் கணக்கு. 1970 அளவில் பிரிஸ்டலில் ஹென்றி தாஜ்ஃபெல் பள்ளிப் பையன்களை க்ளேயின் ஓவியம் பிடித்தவர்கள், கண்டின்ஸ்கியின் ஓவியம் பிடித்தவர்கள் என்று பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் குலுக்கல் முறையில்தான் பிரித்தார். அதற்கே பையன்கள் தம் பக்கத்தாருக்குக் காசைக் கூட்டிக் கொடுத்தார்கள். தாஜ்ஃபெல் போலந்து யூதர். யுத்தம் முடிந்து வந்து பார்த்தபோது அவருடைய குடும்பத்தில் யாரும் இல்லை. 2001இல் அமெரிக்காவில் வேறொன்று காட்டினார்கள்: கறுப்பரும் வெள்ளையரும் கலந்த இரண்டு அணிகளுக்கு இரண்டு நிறச் சட்டை போட்டுக் காட்டினால், பார்ப்பவர்களின் மனம் சட்டையைப் பிடித்துக்கொள்கிறது, தோலை அந்தளவுக்குக் கவனிப்பதில்லை. சில நிமிடங்களில் அவ்வளவு மாற்றம். அதைப் படித்தபோது ஆறுதலும் வந்தது, கலக்கமும் வந்தது. சட்டையைப் போடுகிறவர் யார் என்பதைப் பொறுத்தல்லவா எல்லாம்?

இன்னொரு ஒக்டோபர் 30ஐயும் சொல்ல வேண்டும். 1995, திங்கட்கிழமை. இராணுவம் வலிகாமத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அதே ஒலிபெருக்கி, அதே தெருக்கள். இந்த முறை போகச் சொன்னது எங்களை. 4 முதல் 5 லட்சம் சனம் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தது. மழை. சைக்கிளைத் தள்ள இடமில்லை. தாகத்துக்குக் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீரை ஏந்திக் குடித்தோம். எனக்கு முன்னால் போன கிழவர் திடீரென்று, "சோனகச் சனத்துக்கும் இதே திகதிதான்" என்றார். சுற்றி நின்ற ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

தென்மராட்சியில் முன்பின் தெரியாதவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். மாட்டுக்கொட்டிலைக் கூட்டிப் பாய் போட்டுத் தந்தார்கள். அந்த நன்றியை மறக்க முடியாது. அதே வளவில், கிணற்றடியில் நின்ற வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டா: "எந்த ஊர்?" ஊரைச் சொன்னால், "ஊரிலை எவடம்?" யாழ்ப்பாணத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். முகத்தைப் பார்த்துச் சாதி தெரியாது, அதனால்தான் கேள்வி. ஒரு குடும்பம் இடத்தைச் சொன்னது. அடுத்தநாள் விடிய, கிணற்றில் கிடந்த வாளியும் கயிறும் வீட்டுக்குள் போய்விட்டன. அந்தக் குடும்பத்துக்கு மட்டும் அந்த அம்மாவே அள்ளி ஊற்றினா. ஷெல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஊரே வெறுங்கையோடு வந்து நின்ற அந்த நாளிலும் கேள்வியை விடவில்லை.

இது எங்களுக்கு மட்டும் வந்த நோயல்ல. புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்த வடக்கு முஸ்லிம்களை அங்கிருந்த முஸ்லிம்கள் முதலில் பள்ளிவாசலில் வைத்துச் சோறு போட்டுக் காப்பாற்றினார்கள். வருடங்கள் போகப் போக, கூலிவேலை, பள்ளிக்கூட இடம், பல்கலைக்கழக அனுமதி என்று பங்கு போட வேண்டி வந்தபோது 'அகதிகள்' என்று ஒரு தனிச்சாதி உண்டாயிற்று. மதம் ஒன்று, மொழி ஒன்று. அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் அந்தப் பெயர். தையற்கடை நானாவின் பேர்த்தி எனக்குச் சொன்னா: "அங்கை எங்களை அகதியள் எண்டினம், இஞ்சை வந்தால் புத்தளத்தார் எண்டினம் சேர்."

நானா புத்தளத்திலேயே காலமாகிவிட்டார். பேர்த்தி குடும்பத்தோடு திரும்பி வந்திருக்கிறா. நானா விட்டுப்போனது ஒன்றரைப் பரப்புக் காணியும் ஒரு வீடும். வீட்டில் சுவர் மட்டும் நிற்கிறது. 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் இன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக ஐந்து குடும்பங்கள். மீள்குடியேற்றக் கணக்கில் பழைய உறுதி ஒன்றுதான். மற்ற நாலு குடும்பத்துக்கும் காணி இல்லை. போனவர்களில் நிரந்தரமாகத் திரும்பியவர்கள் சிறு பகுதியினரே.

ஒவ்வொரு வருடமும் முஸ்லிம்கள் 1990ஐக் கறுப்பு ஒக்டோபர் என்று நினைவுகூருகிறார்கள். நாங்கள் 1995ஐ எங்கள் பாட்டில் நினைவுகூருகிறோம். இரண்டும் ஒரே திகதி, இரண்டிலும் ஒரே தெருக்கள். இரண்டையும் சேர்த்து ஒரே மண்டபத்தில், உயர்தர வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, பார்த்தவர்களைப் பேச வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் யாராவது அதை ஒழுங்கு செய்தால் சொல்லி அனுப்புங்கள். கதிரை அடுக்க முதல் ஆளாக நான் வருவேன்.